விஞ்ஞானியோடு ஒரே பந்தியில்

விஞ்ஞான விழா என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது என்ன? வரிசையாகப் போடப்பட்ட மேசைகள். அவற்றின் மேல் களிமண் எரிமலை, காற்றாலை மாதிரி, மின்மணி. பக்கத்தில் நின்று, மனப்பாடம் செய்த விளக்கத்தை மூச்சு விடாமல் ஒப்பிக்கும் ஒரு மாணவன். மாலையில் ஒரு சொற்பொழிவு. இவற்றுள் மிகவும் பயனுள்ள பகுதி எது என்று கேட்டால் ஆளுக்கொரு விடை கூறுவீர்கள். என்னைக் கேட்டால், மதியச் சாப்பாடு என்பேன். இது வேடிக்கைக்காகச் சொன்னதன்று. சாப்பாட்டையும் சொற்பொழிவையும் சேர்த்தே விழா நடத்தும் தீவுக்கூட்டம் ஒன்று உண்டு. அதைப் பற்றித் தெரிந்துகொண்டால் என் கட்சி உங்களுக்கு விளங்கும்.

ஸ்காட்லாந்து நாட்டின் வடகோடிக்கு அப்பால், கடலுக்குள் 16 கி. மீ. தொலைவில் ஆர்க்னி என்னும் தீவுக்கூட்டம் இருக்கிறது. ஏறத்தாழ 70 தீவுகள். அவற்றுள் மனிதர் வாழ்பவை 20 அளவில் தான். மொத்த மக்கள் தொகை சுமார் 22,000. நம் ஊர்ப் பக்கம் ஒரு சிறு பேரூராட்சியின் அளவு! பூமத்திய ரேகைக்கு வடக்கே 59 பாகையில் இருப்பதால் கோடையில் பகல் 18 மணி நேரம் நீடிக்கும்; குளிர்காலத்தில் 6 மணி நேரத்துக்குச் சற்று மேல், அவ்வளவே. ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குப் போகப் படகு வேண்டும், அல்லது சிறிய விமானம் வேண்டும். வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்ற இரு தீவுகளுக்கு இடையே பறக்கும் விமானம், அட்டவணையின்படி 2 நிமிடத்தில் இறங்கிவிடும். உலகில் தினப்படி ஓடும் விமானங்களில் மிகக் குறைந்த தூரம் செல்வது இதுவே.

இந்தச் சின்னஞ்சிறு இடத்தில் 1991-ஆம் ஆண்டு முதல் ஒரு சர்வதேச விஞ்ஞான விழா நடந்து வருகிறது. எடின்பரோ மாநகரம் தன் விஞ்ஞான விழாவை 1989-இல் தான் தொடங்கியது என்பதை நினைவில் கொண்டால், இத்தீவினர் எவ்வளவு முந்திக்கொண்டார்கள் என்பது புரியும். செப்டம்பர் மாதத் தொடக்கத்தில், தலைநகரமான கிர்க்வாலை மையமாகக் கொண்டு, ஏறத்தாழ ஒரு வார காலம் விழா நடைபெறும். மாலை வேளைகளில் சொற்பொழிவுகள் உண்டு. நண்பகலில் ஊர்க்காரர்களும் வெளியூர் விஞ்ஞானிகளும் ஒன்றாக அமரும் சமூகச் சாப்பாடுகளும் உண்டு. இந்தச் சாப்பாட்டை நிகழ்ச்சி நிரலின் இடைவேளை என்று நான் கருதவில்லை. நிரலின் நடுநாயகமே அதுதான் என்பது என் துணிபு.

ஏன் என்று கேட்பீர்கள். சொற்பொழிவு முடிந்ததும் தலைவர் எழுந்து, “யாராவது கேள்வி கேட்கலாம்” என்பாரே, அந்தக் கணத்தை எண்ணிப் பாருங்கள். மண்டபத்தில் ஊசி விழுந்தால் கேட்கும். கேள்வி இல்லாமலா? இருக்கிறது. ஆனால் இருநூறு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், கேள்வி முழுமையாக, பிழையில்லாமல் இருக்க வேண்டும், “இதுகூடத் தெரியாதா?” என்று அடுத்த வரிசையில் எவரேனும் சிரித்துவிடக் கூடாது. ஆகவே கேள்வி தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. கடைசியில் விடை தெரிந்த ஒருவர் எழுந்து, கேள்வி என்ற பெயரில் இன்னொரு சொற்பொழிவு ஆற்றி அமர்வார். இது எங்கும் உள்ள வழக்கம் தான்.

சாப்பாட்டு மேசையில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே அரைக் கேள்வி கேட்கலாம். “அதென்னவோ சொன்னீர்களே...” என்று தொடங்கி, ரொட்டியைப் பிட்டுக்கொண்டே யோசித்து, மீதிப் பாதியைப் பிறகு கேட்கலாம். முக்கியமாக, விஞ்ஞானியும் கேட்கலாம். மேடையில் நிற்பவர் தமக்குத் தெரிந்ததைச் சொல்லத்தான் அழைக்கப்படுகிறார். தமக்குத் தெரியாததைக் கேட்டறிய மேடையில் வழியில்லை.

இந்த இரண்டாவது காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அதற்கு ஆர்க்னியின் கடலே நல்ல உதாரணம்.

இத்தீவுகளின் மேற்கே அட்லாண்டிக் பெருங்கடல், கிழக்கே வடகடல். இரண்டிலும் ஓதம் ஏறி இறங்கும் வேளை ஒன்றாக இருப்பதில்லை. ஆகவே ஒரு பக்கம் நீர் உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும் இருக்கும்போது, தீவுகளுக்கு இடையேயுள்ள ஒடுங்கிய ஜலசந்திகள் வழியே நீர் பாய்ந்தோடுகிறது. ஈடே என்ற தீவின் அருகே அமாவாசை, பௌர்ணமி நாட்களை ஒட்டி இந்த ஓட்டம் வினாடிக்கு ஏறத்தாழ 4 மீட்டர் வேகத்தை எட்டும். காற்றோடு ஒப்பிட்டால் இது என்ன பெரிய வேகம் என்று தோன்றும். கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு கன மீட்டர் காற்றின் நிறை சுமார் 1.2 கிலோகிராம், அதே கன அளவு கடல்நீரின் நிறை 1,025 கிலோகிராம். அதாவது நீர் சுமார் 850 மடங்கு அடர்த்தி மிக்கது. ஓடும் பொருளிலிருந்து சுழலிக்குக் கிடைக்கக்கூடிய திறன் அடர்த்திக்கு நேர் விகிதத்திலும், வேகத்தின் முப்படிக்கு நேர் விகிதத்திலும் இருக்கும். 850-இன் முப்படி மூலம் ஏறத்தாழ 9.5. ஆகவே வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் ஓடும் கடல்நீருக்கு, வினாடிக்கு 28 மீட்டர் வேகத்தில் வீசும் காற்றின் வலிமை உண்டு. இது மணிக்கு 100 கி. மீ. வேகப் புயல்! ஆனால் இந்தப் புயல் எந்த நாளில் எந்த மணிக்கு வீசும் என்பதை, பல ஆண்டுகளுக்கு முன்பே பஞ்சாங்கம் போல் எழுதி வைத்துவிடலாம்.

இதனால்தான் கடலிலிருந்து மின்சாரம் எடுக்கும் கருவிகளைச் சோதிக்கும் ஐரோப்பிய நிலையம் 2003-ஆம் ஆண்டில் ஆர்க்னியில் நிறுவப்பட்டது. 2 மெகாவாட் திறனுள்ள மிதக்கும் ஓதச் சுழலி ஒன்று 2021-இல் ஈடே தீவின் அருகே நங்கூரமிடப்பட்டது. இப்போது கேள்வி இதுதான். சமன்பாடு பொறியியலாளருக்குத் தெரியும். ஆனால் குறிப்பிட்ட ஒரு முனையைச் சுற்றி நீர் எப்படிச் சுழிக்கும், மேற்கிலிருந்து காற்று அடித்தால் அலை எங்கே எழும்பும், ஓட்டம் திசை மாறும் அந்தச் சில நிமிடங்கள் வரும்போது நீரின் முகம் எப்படித் தெரியும் என்பனவெல்லாம் யாருக்குத் தெரியும்? பாட்டன் காலம் முதல் அங்கே நண்டுக்கூடு போட்டு வரும் படகோட்டிக்குத் தெரியும். அவரை மேடையில் ஏற்றிப் பேசச் சொன்னால் ஓடிவிடுவார். ஒரு கிண்ணம் சூப்பை முன்னே வைத்து, “உங்கள் படகை அங்கே எந்த நேரத்தில் திருப்புவீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள்! மேசைமேல் இருக்கும் உப்புக் குப்பியைத் தீவாகவும் கரண்டியைப் படகாகவும் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் விளக்குவார்.

அவர் சொல்வதெல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்பதில்லை. அனுபவம் தவறும், பழமொழியும் தவறும். அளந்து பார்த்த பிறகே ஏற்க வேண்டும். ஆனால் எதை அளக்க வேண்டும், எங்கே அளக்க வேண்டும் என்று சொல்லித் தரும் ஆள் எதிரே உட்கார்ந்திருக்க, அவரைக் கேளாமலே கருவியை இறக்குவது என்ன சாமர்த்தியம்?

இதைக் கேளாமல் விட்டதால் நேர்ந்த பெருந்துயரம் ஒன்றும் ஆர்க்னியோடு தொடர்புடையதே. அத்தீவில் 1813-ஆம் ஆண்டு பிறந்தவர் ஜான் ரே. மருத்துவம் படித்து, கனடாவின் ஹட்சன் விரிகுடா வணிகக் கழகத்தில் பணியாற்றினார். அங்கு வாழ்ந்த பழங்குடியினரிடம் பனிக்காலணி அணிந்து நடக்கக் கற்றார். இன்யூட் மக்களிடம் பனிக்கட்டியால் வீடு கட்டவும், அவர்களைப் போல் உடுத்தவும், வேட்டையாடி உண்ணவும் கற்றார். 1846-47 குளிர்காலத்தை வட துருவப் பகுதியிலேயே, பெரும்பாலும் அந்நிலம் தந்த உணவைக் கொண்டு கழித்தார். அன்றைய ஆங்கிலக் கடற்படையினர் இதை நாகரிகக் குறைவாக எண்ணினர்.

அதே காலத்தில், 1845-இல், சர் ஜான் பிராங்க்ளின் தலைமையில் 2 கப்பல்களில் 129 பேர் அதே பனிக்கடலுக்குள் சென்றனர். டப்பாவில் அடைத்த உணவு, நூலகம், வெள்ளிக் கரண்டிகள் எல்லாம் அவர்களிடம் இருந்தன. ஒருவரும் திரும்பவில்லை. அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று 1854-இல் அறிந்து வந்து சொன்னவர் ஜான் ரே. எப்படி அறிந்தார்? இன்யூட் மக்கள் சொன்னார்கள். அவர் உட்கார்ந்து கேட்டார். வெள்ளைக்காரர் பலர் பட்டினியால் மடிந்தனர், கடைசியில் இறந்தவர் உடலை உண்ணும் நிலைக்கும் ஆளாயினர் என்பது அவர்கள் சொன்ன செய்தி. லண்டன் கொதித்தெழுந்தது. “காட்டு மக்கள் பேச்சை நம்புவதா?” என்றார்கள். புகழ்பெற்ற நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸே தம் வார இதழில் அதை மறுத்து எழுதினார். ரேக்கு நிகரான துருவப் பயணிகள் பலருக்குக் கிடைத்த ‘சர்’ பட்டம் அவருக்கு மட்டும் கிடைக்கவில்லை. பின்னாளில் ஆராயப்பட்ட எலும்புகளில் கத்தி வெட்டுத் தழும்புகள் இருந்தன. மூழ்கிய கப்பல்கள் 2014-இலும் 2016-இலும் கண்டுபிடிக்கப்பட்டன. இன்யூட் மக்கள் சொல்லி வந்த செய்திகள் அத்தேடலில் வழிகாட்டின. ரேயின் கல்லறை கிர்க்வால் பேராலயத்தின் வளாகத்திலேயே இருக்கிறது. விழாவுக்கு வரும் விஞ்ஞானிகள் அதைப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

பௌதிக மாணவர்களுக்கு இன்னொரு சாப்பாட்டுக் கதையும் உண்டு. 1950-ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் என்ரிக்கோ பெர்மி தம் நண்பர்கள் மூவருடன் மதிய உணவுக்கு நடந்தார். வழியில் பறக்கும் தட்டுகளைப் பற்றிப் பத்திரிகையில் வந்த கேலிச் சித்திரம் குறித்துச் சிரித்துப் பேசினார்கள். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. சாப்பாட்டின் நடுவே, திடீரென்று பெர்மி, “எல்லோரும் எங்கே?” என்றார். விண்மீன்கள் இத்தனை கோடி இருக்க, அவற்றில் அறிவுள்ள உயிர்கள் இருந்தால் இதற்குள் இங்கு வந்திருக்க வேண்டுமே என்பது அக்கேள்வியின் பொருள். நண்பர்கள் சிரித்தார்கள். கேள்வி இன்றுவரை தீரவில்லை. ஆய்வுக் கட்டுரையாக எழுத வேண்டும் என்றால் அந்த மூன்று சொல் கேள்வியை அவர் எழுதியிருப்பாரா என்பது ஐயம்.

இப்படிச் சொல்வதால் மாலைச் சொற்பொழிவை நான் இகழ்வதாக நினைக்க வேண்டாம். ஒரு பொருளைத் தொடக்கம் முதல் முடிவு வரை கோவையாகக் கேட்பதற்கு அதைவிட நல்ல வழி இல்லை. மேசைப் பேச்சு கிளை தாவும். சொற்பொழிவு தான் மரத்தைக் காட்டும். அதற்கு மாலை நேரமே பொருத்தம். கடையைப் பூட்டிவிட்டும், மாட்டைக் கட்டிவிட்டும் வருகிறவர்கள் அப்போதுதான் வர முடியும். லண்டனிலுள்ள ராயல் நிலையத்தில் மைக்கேல் பாரடே 1820-களில் தொடங்கிய வெள்ளிக்கிழமை மாலைச் சொற்பொழிவுகள் இன்றும் நடக்கின்றன. அங்கே ஒரு மரபு உண்டு. மணி அடித்ததும் பேச்சாளர் உள்ளே வருவார்; வரவேற்பும் அறிமுகமும் இன்றி நேராகப் பொருளுக்குள் புகுவார்; சரியாக ஒரு மணி நேரத்தில் முடிப்பார். நம் விழாக்களில் வரவேற்புரை, முன்னிலை உரை, தலைமையுரை, வாழ்த்துரை, பொன்னாடை எல்லாம் முடிந்து சிறப்புச் சொற்பொழிவாளர் எழும்போது பஸ்ஸுக்கு நேரமாகிவிடுகிறது. பாரடேயை அழைத்திருந்தாலும் பத்து நிமிடம் தான் கொடுத்திருப்போம்!

நம் ஊர்ப் பேச்சை எடுத்துவிட்டதால் மனத்தில் உள்ளதையும் சொல்லிவிடுகிறேன். பள்ளி, கல்லூரி விழாக்கள் பலவற்றுக்குச் சென்றிருக்கிறேன். பகல் ஒரு மணிக்கு ஒரே காட்சி தான். சிறப்பு விருந்தினரைத் தலைமையாசிரியர் அறைக்கோ தனி அறைக்கோ அழைத்துச் சென்று, கதவைச் சாத்தி, அங்கே இலை போடுகிறார்கள். மாணவர்கள் மரத்தடியில் பொட்டலத்தைப் பிரிக்கிறார்கள். விருந்தினர் மாலையில் பேசிவிட்டுக் காரில் ஏறிவிடுகிறார். அந்த நாள் முழுவதும் ஒரு மாணவனோ மாணவியோ அவரிடம் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார். யாரும் கெட்ட எண்ணத்தால் இப்படிச் செய்வதில்லை. மரியாதை என்று தான் செய்கிறார்கள். ஆனால் மரியாதையின் பெயரால் கதவைச் சாத்தும் வழக்கத்தை நாம் வேறு இடத்திலும் பார்த்தவர்கள். யார் யாரோடு அமர்ந்து உண்ணலாம் என்று சாதி விதித்திருந்த நாட்டில், சமபந்தி போஜனம் என்பது ஒரு பெரிய சீர்திருத்தமாக இருந்தது. சுதந்திர தினத்தன்று கோயில்களில் பொது விருந்து நடத்துகிறோமே, அதன் கருத்தும் அதுவே. ஒரே வரிசையில் உட்கார்ந்தால் பேச்சு தானாக வரும் என்பதை நமக்கு யாரும் ஆர்க்னியிலிருந்து வந்து சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு தடைகள் உண்டென்று எனக்குத் தெரியும். ஒன்று, “சாப்பிடும்போது பேசாதே” என்று வீட்டில் பாட்டி சொல்வார். அது வெறும் கட்டுப்பாடன்று. உணவுக்குழலும் மூச்சுக்குழலும் தொண்டையில் அடுத்தடுத்து இருப்பதால், பேசிக்கொண்டே விழுங்கினால் புரையேறும். இரண்டு, நம் பந்தியில் நிம்மதியாக உட்கார முடியாது. ரசம் வருவதற்குள் அடுத்த பந்திக்காரர் நம் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று விடுவார்! இதில் எங்கே கேள்வி கேட்பது? ஆர்க்னியில் ஒரு தட்டு சூப்போடும் ரொட்டியோடும் ஒரு மணி நேரம் உட்காருகிறார்கள். அதை அப்படியே இங்கே கொண்டு வர முடியாது.

ஆகவே உங்கள் பள்ளி அறிவியல் மன்றத்துக்கு நான் சொல்லும் யோசனை சுண்டலும் தேநீரும். சொற்பொழிவு ஐந்து மணிக்கு என்றால், பேச்சாளரை நான்கு மணிக்கே வரச் சொல்லுங்கள். மேடை வேண்டாம், சமுக்காளம் போதும். பத்துப் பத்துப் பேராக வட்டமிட்டு உட்காருங்கள். பேச்சாளருடன் ஊரிலிருந்து இன்னும் நான்கு பேரையாவது அழையுங்கள்: பம்ப்செட் பழுது பார்ப்பவர், மருத்துவச்சி, மீன் பிடிப்பவர் அல்லது நெல் விதைப்பவர், மின்வாரிய ஊழியர். வட்டத்துக்கு ஒருவர். கால் மணிக்கு ஒருமுறை அவர்கள் இடம் மாறட்டும். ஆசிரியர்கள் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருப்பது நல்லது. அவர்கள் எதிரே கேள்வி கேட்கப் பாதிப் பேருக்கு நா எழாது. விருந்தினருக்கும் உங்களுக்கும் ஒரே அண்டாவிலிருந்து, ஒரே அளவு தொன்னையில் சுண்டல். விருந்தினருக்கு மட்டும் முந்திரிப் பருப்பு வைத்த தட்டு வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

பேச்சை எப்படித் தொடங்குவது என்று தயங்க வேண்டாம். கையில் இருக்கும் கொண்டைக்கடலையையே கேட்கலாம். முந்தின நாள் இரவு ஊறப் போட்டபோது முதலில் தோல் மட்டும் சுருங்கி மடிப்பு விழுந்ததே, பருப்பு உப்பியது பிறகு தானே? நீர் எந்த வழியாக உள்ளே போயிற்று? ஊறப் போடும் நீரில் உப்பைக் கலந்திருந்தால் என்ன ஆகும்? பேச்சாளர் வான இயல் அறிஞராக இருந்து, “எனக்குத் தெரியவில்லையே” என்றால் இன்னும் நல்லது. சமையற்கட்டில் இருப்பவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.